விலாசம் வழங்கும் ஸ்விட்ச்

தபாலில் சேர்க்கப்படும் கடிதம் உரியவரைச் சென்றடைய வேண்டுமாயின், அதன் மேல் விலாசம் சரியாக எழுதப்பட்டிருத்தல் அவசியம். இரண்டு வீடுகளுக்கு ஒரே விலாசம் இருப்பின் கடிதம் எங்கே போகும் என்று சொல்ல இயலாது. விலாசமே இல்லாத வீட்டிற்குக் கடிதம் வருவதற்கு வழியே இல்லை. கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்பிலும் இதே விதிதான் ஆட்சி செலுத்துகிறது. வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு யந்திரத்திற்கும் ஐ.பி. விலாசம் எனப்படும் ஓர் எண் இருத்தல் வேண்டும். அந்த வலையமைப்பில் அதே எண் வேறொரு யந்திரத்திற்கு இருத்தல் கூடாது.

மாவட்ட மருத்துவமனை ஒன்றை உதாரணமாகக் கொள்ளலாம். காலையில் புறநோயாளிகளுக்குச் சீட்டு வழங்கும் இடத்தில் ஒரு கணிப்பொறி இயங்குகிறது. பரிசோதனைக்கூடத்தில் இரத்தத்தைச் சோதிக்கும் கருவி தன் முடிவை மற்றொரு கணிப்பொறிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து அது வார்டிலுள்ள மருத்துவரின் திரைக்குப் போய்ச் சேருகிறது. இவற்றுள் ஒரு யந்திரத்தின் விலாசம் தவறினாலும் முடிவு உரிய நேரத்தில் வந்து சேராது. நோயாளி காத்திருக்க நேரிடும். ஆகவே, விலாசங்களை யார் வழங்குகிறார், எந்த முறையில் வழங்குகிறார் என்பது வலையமைப்பு நிபுணர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயமன்று.

கையால் எழுதிய காலம்

இன்றும் பெருவழக்கில் உள்ள ஐ.பி. நான்காம் பதிப்பின் விதிகள் 1981-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியிடப்பட்டன. அவ்விதிகளின்படி விலாசம் என்பது 32 இரும இலக்கங்களைக் கொண்ட ஓர் எண். வாசிப்பதற்கு எளிதாக இருக்கும்பொருட்டு அதனை நான்கு பகுதிகளாகப் பிரித்து, இடையே புள்ளியிட்டு, 10.20.10.45 என்பது போல எழுதுவது வழக்கம். ஒவ்வொரு பகுதியும் 0 முதல் 255 வரை அமையலாம். இத்துடன் உப வலையமைப்பைக் குறிக்கும் மறைப்பு எண் ஒன்றும் உண்டு. அது 255.255.255.0 என்றிருந்தால், விலாசத்தின் முதல் மூன்று பகுதிகள் தெருவின் பெயரையும், கடைசிப் பகுதி வீட்டு எண்ணையும் போன்றவை என்று கருதலாம். அத்தகைய தெருவில் 256 எண்கள் உள்ளன. முதல் எண் தெருவையே குறிக்கிறது. கடைசி எண் தெருவிலுள்ள அனைவரையும் ஒருசேர அழைப்பதற்கு உரியது. எஞ்சிய 254 எண்களே யந்திரங்களுக்குப் பயன்படும்.

தொடக்க காலத்தில் இவ்விலாசங்களை நிர்வாகிகள் ஒவ்வொரு யந்திரத்திலும் கையால் பதிவு செய்தனர். பத்து யந்திரங்கள் இருக்கும் இடத்தில் இது எளிய வேலை. ஐந்நூறு யந்திரங்கள் இருக்கும் இடத்தில் ஓயாத தொல்லை. ஓர் எண்ணை இருமுறை எழுதிவிட்டால் இரு யந்திரங்களும் தடுமாறும். ஒரு யந்திரத்தை ஒரு மாடியிலிருந்து மற்றொரு மாடிக்கு மாற்றினால் விலாசத்தையும் மாற்றியெழுத வேண்டும்.

இத்தொல்லையை நீக்கும் முயற்சி படிப்படியாக நிகழ்ந்தது. 1985-இல் பில் கிராஃப்ட், ஜான் கில்மோர் ஆகிய இருவரும் ‘பூட்-பி’ என்னும் நெறிமுறையை வகுத்தனர். ஆயினும் அதில் எந்த யந்திரத்திற்கு எந்த விலாசம் என்பதை நிர்வாகி முன்கூட்டியே ஒரு பட்டியலில் எழுதி வைத்தாக வேண்டும். அதன் அடிப்படையில் வளர்ந்து, 1993 அக்டோபரில் வெளியானதே டி.எச்.சி.பி. என்னும் நெறிமுறை. இதனை எழுதியவர் ரால்ஃப் டிராம்ஸ். 1997 மார்ச்சில் வெளியான திருத்திய வடிவமே நான்காம் பதிப்பு விலாசங்களுக்கு இன்றளவும் அடிப்படையாக இருந்து வருகிறது. முன்பின் அறியாத யந்திரத்திற்கும் கையிருப்பிலுள்ள விலாசம் ஒன்றைக் குறிப்பிட்ட காலத்திற்கு வழங்கி, பின்னர் அதனைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்பதே இதன் தனிச்சிறப்பு.

நான்கு செய்திகள்

புதிதாக இயங்கத் தொடங்கும் கணிப்பொறிக்குத் தன் விலாசமும் தெரியாது. விலாசம் வழங்கும் சர்வர் எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது. எனவே அது தெருவிலுள்ள அனைவருக்கும் கேட்கும்படி, ‘எனக்கு விலாசம் தருவார் உண்டோ?’ என்று குரல் எழுப்புகிறது. இது முதற் செய்தி. இதனைச் செவியுறும் சர்வர், ‘இந்த எண்ணைத் தரலாம்’ என்று முன்வருவது இரண்டாம் செய்தி. ‘அந்த எண்ணையே ஏற்கிறேன்’ என்று கணிப்பொறி மீண்டும் அனைவரும் அறியக் கேட்பது மூன்றாம் செய்தி. ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர்கள் முன்வந்திருப்பின், தேர்ந்தெடுக்கப்படாதவை இந்தச் செய்தியைக் கண்டு தாம் தர முன்வந்த எண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. ‘அவ்வாறே ஆகுக’ என்று சர்வர் உறுதி கூறுவது நான்காம் செய்தி. இவை அனைத்தும் பெரும்பாலும் ஒரு விநாடிக்குள் நடந்தேறிவிடுகின்றன.

விலாசத்துடன் வேறு சில விவரங்களும் வந்து சேருகின்றன: மறைப்பு எண், வெளியுலகிற்குச் செல்ல உதவும் நுழைவாயிலின் விலாசம், பெயர்களை எண்களாக மாற்றித் தரும் சர்வரின் விலாசம், குத்தகைக் காலம் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை.

குத்தகை என்னும் சொல் இங்கு மிகப் பொருத்தமானது. விலாசம் யந்திரத்திற்குச் சொந்தமாகத் தரப்படுவதில்லை, காலவரையறையுடன் விடப்படுகிறது. பொதுவாக, காலத்தில் பாதி கழிந்தவுடன் கணிப்பொறி தனக்கு விலாசம் தந்த சர்வரிடம் நேராகச் சென்று புதுப்பிக்கக் கேட்கிறது. பதில் கிடைக்காமல், எட்டில் ஏழு பங்கு காலம் கழிந்துவிட்டால், எந்தச் சர்வராயினும் புதுப்பித்துத் தரட்டும் என்று அனைவரையும் கேட்கிறது. அப்போதும் பயனில்லையெனில், கெடு முடிந்ததும் அந்த விலாசத்தைக் கைவிட்டாக வேண்டும்.

ஸ்விட்ச் செய்யும் பணி

கணிப்பொறிகளிலிருந்து வரும் கம்பிகள் அனைத்தும் வந்து கூடும் பெட்டியே ஸ்விட்ச் ஆகும். சாதாரண ஸ்விட்ச், வரும் செய்தியை உரிய போர்ட்டுக்கு அனுப்புவதோடு நின்றுவிடும். நிர்வகிக்கத்தக்க ஸ்விட்ச் எனப்படும் உயர்ந்த வகையோ, நிர்வாகியின் கட்டளைகளை ஏற்று நடக்கும். அது ஒரே கட்டடத்தின் கம்பிகளை வி-லேன் எனப்படும் தனித்தனிப் பிரிவுகளாகப் பகுத்து, வெவ்வேறு வலையமைப்புகள் இருப்பது போலவே இயங்கச் செய்யும். ஒரு பிரிவிலிருந்து மற்றொரு பிரிவிற்கு வழிகாட்டும் திறனும் சிலவற்றிற்கு உண்டு. அத்தகைய ஸ்விட்சுகள் பலவற்றில் விலாசம் வழங்கும் சர்வரின் பணியையும் ஒப்படைக்கலாம்.

முன்னர்க் கூறிய மருத்துவமனையில் மூன்று பிரிவுகள் இருப்பதாகக் கொள்ளலாம். அலுவலகத்திற்கு 10-ஆம் எண் பிரிவும், பரிசோதனைக்கூடத்திற்கு 20-ஆம் எண் பிரிவும், வருவோர் போவோரின் கைத்தொலைபேசிகளுக்கு 30-ஆம் எண் பிரிவும் ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் விலாச வரிசைகள் முறையே 10.20.10, 10.20.20, 10.20.30 என்று தொடங்குகின்றன. பிரிவின் எண்ணையே விலாசத்திலும் அமைத்துக்கொண்டால், எண்ணைப் பார்த்தவுடனே யந்திரம் எப்பிரிவைச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும்.

ஒழுங்காகச் செய்யும் முறை

முதலாவதாக, ஒவ்வொரு பிரிவிலும் ஸ்விட்சுக்கென்று ஒரு விலாசம் தரப்படவேண்டும். அலுவலகப் பிரிவில் அது 10.20.10.1 என்றிருக்கலாம், அதுவே அப்பிரிவின் நுழைவாயிலாகவும் விளங்கும். விலாசம் கேட்கும் குரல் எப்பிரிவிலிருந்து வந்தது என்பதை இதைக் கொண்டே ஸ்விட்ச் தீர்மானித்து, பொருத்தமான கையிருப்பிலிருந்து எண்ணை எடுத்துத் தருகிறது. இந்த விலாசம் தரப்படாவிடில், கையிருப்பு எவ்வளவு இருந்தும் ஒரு யந்திரத்திற்கும் எண் கிடைக்காது. புதியவர்கள் பெரிதும் தடுமாறும் இடங்களில் இது ஒன்று.

இரண்டாவதாக, விலக்கு வரிசை குறிக்கப்படவேண்டும். நுழைவாயில், அச்சு யந்திரம், பரிசோதனைக் கருவி முதலியவற்றின் விலாசம் என்றும் மாறாதிருத்தல் நலம். அதற்காக 1 முதல் 20 வரையுள்ள எண்களை விலக்கிவிட்டால், 21 முதல் 254 வரை 234 எண்கள் வழங்குவதற்கு எஞ்சும். விலக்க மறந்தால் விளைவு உடனே தெரிவதில்லை. ஓர் எண்ணை வழங்குமுன், அது வேறெவரிடமாவது இருக்கிறதா என்று பல சர்வர்கள் குரல் கொடுத்துப் பார்ப்பதுண்டு. ஆனால் அச்சு யந்திரம் இரவில் அணைக்கப்பட்டிருந்தால் பதில் வராது. அதன் எண் வேறொரு கணிப்பொறிக்குப் போய்விடும். மறுநாள் காலையில் அச்சு யந்திரத்தை இயக்கியவுடன் ஒரே விலாசத்தில் இருவர் நிற்பர். குற்றம் நிகழ்ந்தது முதல் நாள், தென்படுவது மறுநாள். இக்காரணத்தால் இத்தகைய கோளாறுகளைக் கண்டுபிடிப்பது கடினமாகிறது.

நிலையான விலாசம் தருவதற்கு வேறொரு வழியும் உண்டு. ஒவ்வொரு வலையமைப்புச் சாதனத்திற்கும் 48 இரும இலக்கங்களைக் கொண்ட வன்பொருள் எண் ஒன்று உள்ளது. இன்ன வன்பொருள் எண்ணுக்கு இன்ன விலாசமே தரப்படவேண்டும் என்று ஸ்விட்சில் பதிந்து வைக்கலாம். அப்போது யந்திரத்தில் எதையும் எழுத வேண்டியதில்லை; எல்லாக் கணக்கும் ஓரிடத்திலேயே இருக்கும்.

மூன்றாவதாக, கையிருப்பின் விவரங்கள் எழுதப்படவேண்டும். விலாச வரிசை, மறைப்பு எண், நுழைவாயில், பெயர் சர்வர், குத்தகைக் காலம் ஆகியவை அவை. நுழைவாயிலின் எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும், யந்திரங்கள் தம் பிரிவிற்குள் ஒன்றோடொன்று பேசும். ஆனால் பிரிவைத் தாண்டிச் செல்ல இயலாது.

குத்தகைக் காலத்தின் கணக்கு

குத்தகைக் காலம் எவ்வளவு என்பதற்கு எங்கும் பொருந்தும் விடை கிடையாது. வருவோர் பிரிவில் நாள்தோறும் 150 புதிய கைத்தொலைபேசிகள் வருவதாகவும், குத்தகை 8 நாள் என்றும் கொண்டால், 234 எண்களும் இரண்டாம் நாளிலேயே தீர்ந்துவிடும். தொலைபேசியின் சொந்தக்காரர் வீடு திரும்பிய பிறகும் அவருடைய எண் எட்டு நாட்கள் முடங்கிக் கிடப்பதே காரணம். அங்கே குத்தகையை இரண்டு மணி நேரமாகக் குறைத்தால், ஒருவர் விட்டுச் சென்ற எண் அதற்குள் கையிருப்பிற்குத் திரும்பிவிடும்.

பரிசோதனைக்கூடத்தின் தேவை இதற்கு நேர்மாறானது. அங்குள்ள யந்திரங்கள் மாறுவதில்லை. குத்தகை 8 நாளாக இருந்தால், இடைவிடாது இயங்கும் யந்திரம் நான்காம் நாளிலேயே புதுப்பித்துக்கொள்ளும். ஆகவே சர்வர் திடீரெனப் பழுதுற்றாலும், ஏறத்தாழ நான்கு நாட்களுக்குக் குறையாத அவகாசம் அதன் கையில் எப்போதும் இருக்கும். பழுதைச் சரிசெய்ய இது போதுமான காலமாகும். சுருங்கக் கூறின், வந்து போவோருக்குக் குறுகிய குத்தகையும், நிலைத்திருப்போருக்கு நீண்ட குத்தகையும் ஏற்றவை.

அஞ்சல் செய்யும் முறை

பெரிய ஸ்தாபனங்களில் விலாசம் வழங்கும் பணியை ஸ்விட்சிடம் விடாது, தனிச் சர்வர் ஒன்றிடம் ஒப்படைப்பதுண்டு. அங்கே ஓர் இடையூறு எழுகிறது. விலாசம் கேட்கும் குரல் தன் பிரிவின் எல்லையைத் தாண்டாது. சர்வரோ வேறு பிரிவில் இருக்கிறது. ஒரு வானொலி நிலையத்தின் நிகழ்ச்சியை மற்றொரு நிலையம் அஞ்சல் செய்வது போல, இக்குரலை ஸ்விட்ச் கேட்டுச் சர்வருக்கு அனுப்பி வைக்கிறது. அனுப்பும்போது, கோரிக்கை எந்தப் பிரிவிலிருந்து வந்தது என்பதற்கு அடையாளமாகத் தன் விலாசத்தையும் அதில் குறித்து விடுகிறது. அவ்வடையாளத்தைக் கண்டே சர்வர் உரிய கையிருப்பைத் தேர்ந்தெடுக்கிறது. இதற்கு நிர்வாகி செய்ய வேண்டுவது, அந்தந்தப் பிரிவில் சர்வரின் விலாசத்தை ஸ்விட்சுக்குத் தெரிவிப்பதேயாகும்.

போலிச் சர்வரின் ஆபத்து

இந்நெறிமுறையின் எளிமையிலேயே அதன் பலவீனமும் அடங்கியிருக்கிறது. விலாசம் கேட்கும் கணிப்பொறி, பதில் சொல்பவர் யார் என்று விசாரிப்பதில்லை; பெரும்பாலும் முதலில் வரும் பதிலையே நம்பிவிடுகிறது. ஊருக்குப் புதியவர் ரயில் நிலையத்தில் வழி கேட்டு, முதலில் வாய் திறந்தவர் காட்டிய திசையில் நடப்பதற்கு இது ஒப்பாகும்.

வீடுகளில் பயன்படும் சிறு ரூட்டர் ஒன்றை ஊழியர் ஒருவர் தம் வசதிக்காகக் கொண்டுவந்து சுவரிலுள்ள இணைப்பில் பொருத்துவதாகக் கொள்ளலாம். அவர் மனத்தில் தீய நோக்கம் ஏதும் இல்லை. ஆனால் அந்த ரூட்டருக்குள்ளும் விலாசம் வழங்கும் சர்வர் ஒன்று உண்டு. அது மருத்துவமனையின் வரிசைக்குச் சம்பந்தமற்ற 192.168.1 என்று தொடங்கும் எண்களைத் தாராளமாக வழங்கத் தொடங்குகிறது. புதிதாக விலாசம் கேட்கும் யந்திரங்கள் அதனிடம் ஏமாறுகின்றன. பழைய குத்தகை முடியாத யந்திரங்களோ வழக்கம்போல் இயங்குகின்றன. ஒரே அறையில் ஒரு கணிப்பொறி வேலை செய்ய, அடுத்தது வேலை செய்யாதிருக்கும் விந்தை இவ்வாறு உண்டாகிறது. தீய நோக்கமுடைய ஒருவர் இதையே திட்டமிட்டுச் செய்தால் நிலைமை இன்னும் மோசமாகும். அவர் தம் கணிப்பொறியையே நுழைவாயிலாக அறிவித்துவிட்டால், நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் அவர் கை வழியாகவே வெளிச்செல்லும். யந்திரங்கள் யாவும் ஒழுங்காக இயங்குவதாகவே தோன்றும்.

இதனைத் தடுக்கும் காவல் ஸ்விட்சிடமே உள்ளது. டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங் என்று வழங்கப்படும் ஏற்பாட்டில், ஸ்விட்சின் போர்ட்டுகள் நம்பத்தக்கவை, நம்பத்தகாதவை என இரு வகையாகப் பிரிக்கப்படுகின்றன. உண்மையான சர்வர் இருக்கும் திசையை நோக்கிய போர்ட் மட்டுமே நம்பத்தக்கது. மற்றவற்றின் வழியாக விலாசம் கேட்கலாம். விலாசம் தர முன்வரும் செய்தி அவற்றின் வழியாக நுழைந்தால், ஸ்விட்ச் அதனை அங்கேயே தடுத்துவிடும். எந்தப் போர்ட்டிலுள்ள எந்த யந்திரத்திற்கு எந்த விலாசம் தரப்பட்டது என்ற பட்டியலையும் அது தயாரித்துக்கொள்கிறது. பிறருடைய விலாசத்தைக் களவாடிப் பயன்படுத்துவோரைப் பிடிப்பதற்கும் அப்பட்டியல் உதவும்.

இங்கு எச்சரிக்கை ஒன்று தேவை. நம்பத்தக்க போர்ட் எது என்று குறிக்காமல் இக்காவலை அமுல்படுத்தினால், மாடியிலுள்ள ஸ்விட்ச் உண்மையான சர்வரின் பதிலையும் தடுத்துவிடும். முதலில் மைய ஸ்விட்சை நோக்கிய போர்ட்டை நம்பத்தக்கதாக அறிவித்து, அதன் பின்னரே காவலை இயக்குவது முறையாகும்.

தாமதமும் மறதியும்

எல்லாம் சரியாக இருந்தும் சில யந்திரங்கள் 169.254 என்று தொடங்கும் விலாசத்துடன் நிற்பதுண்டு. கேட்ட குரலுக்குப் பதில் வராதபோது பல யந்திரங்கள் தாமே சூட்டிக்கொள்ளும் தற்காலிக எண் அது. தம் தெருவிற்கு வெளியே அதனால் பயனில்லை. இதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் ஸ்விட்சிலேயே இருக்கும். கம்பிகள் வளையமாக இணைந்து செய்திகள் சுற்றிச் சுற்றி வருவதைத் தவிர்க்கும் பொருட்டு, புதிதாக உயிர்பெறும் போர்ட்டை ஸ்விட்ச் உடனே திறப்பதில்லை. பழைய முறையின்படி 15 விநாடி கவனித்து, மேலும் 15 விநாடி கற்றுக்கொண்ட பிறகே திறக்கிறது. அதற்குள் கணிப்பொறி கேட்டுச் சலித்துவிடக்கூடும். கணிப்பொறி மட்டுமே இணைக்கப்படும் போர்ட்டுகளில் இக்காத்திருப்பை நீக்கிவிடலாம். மற்றொரு ஸ்விட்சை இணைக்கும் போர்ட்டுகளில் நீக்குதல் ஆகாது.

இறுதியாக, செய்த மாற்றங்களை நிலையான நினைவில் பதிந்து வைக்க வேண்டும். பல ஸ்விட்சுகளில் நிர்வாகியின் கட்டளைகள் உடனே அமுலுக்கு வந்தாலும், தனியே பதியாவிடில் மின்சாரம் தடைப்பட்டவுடன் மறைந்துவிடும். பல மாதங்கள் செவ்வனே இயங்கிய வலையமைப்பு ஒரு மின்தடைக்குப் பின் விலாசமின்றித் தவிப்பதற்கு இம்மறதி ஒன்றே போதும்.

வேலை முடிந்ததும் சோதித்துப் பார்த்தலும் அவசியம். ஒவ்வொரு பிரிவிலும் ஒரு கணிப்பொறியை இணைத்து, அதற்குக் கிடைத்த விலாசம், மறைப்பு எண், நுழைவாயில் ஆகியவற்றைப் பட்டியலுடன் ஒப்பிட வேண்டும். நுழைவாயிலும் அதற்கு அப்பாலுள்ள யந்திரம் ஒன்றும் பதில் தருகின்றனவா என்று காணவேண்டும். ஸ்விட்சிடம் குத்தகைப் பட்டியலைக் கேட்டு, அதிலும் அதே எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதில் இல்லாத எண் ஒன்றைக் கணிப்பொறி வைத்திருந்தால், வேறெங்கோ ஒரு சர்வர் பதில் சொல்கிறது என்பது பொருள்.

விலாசங்களைத் தானாக வழங்கும் ஏற்பாடு மனிதனின் சிந்தனையை அகற்றிவிடுவதில்லை. ஐந்நூறு யந்திரங்களில் சிதறிக் கிடந்த வேலையை அது ஓரிடத்தில் திரட்டித் தருகிறது. திரண்ட இடத்தில் செய்யும் ஒரு தவறும் அவ்வாறே ஐந்நூறு யந்திரங்களையும் சென்று தாக்கும். எண்களின் திட்டத்தைத் தாளில் எழுதி, விலக்க வேண்டியவற்றை விலக்கி, நம்பத்தக்க வாயில் எதுவென்று குறித்து, செய்ததைப் பதிந்து வைக்கும் நிர்வாகியின் அரைநாள் உழைப்பு வெளியே தெரிவதில்லை. பரிசோதனைக்கூடத்திலிருந்து புறப்பட்ட முடிவு மருத்துவரின் திரையை உரிய நேரத்தில் அடைவதே அவ்வுழைப்பின் பயனாகும்.